லெனாட் பிரித்துப் போட்ட கைவினைப் புள்ளிகள்

அனுப்புநர்:
திருமதி மேர்சி லெனாட்,
(விளையாட்டில் பெயர்: கடற்றச்சி)
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பிரதம நிர்வாக அலுவலர் அவர்கள்,
தமிழ்ச் சேவையகப் பிரிவு,
‘முத்துத்துறை’ இணைய விளையாட்டு நிறுவனம்,
கொழும்பு.

பொருள்: எனது கணவருக்கு எதிராக நானே செய்த முறைப்பாட்டை மீளப் பெறுதலும், அவரது விளையாட்டுக் கணக்கின் மீதான தடையை நீக்கக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த ஐப்பசியில் நான் அனுப்பிய முறைப்பாட்டை விசாரித்து, எனக்குச் சார்பாக முடிவு தந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. பல அலுவலகக் கதவுகளைத் தட்டியவள் நான். கேட்டது கேட்டபடி கிடைத்தது இதுவே முதல் தடவை. கிடைத்த பிறகுதான் அது எனக்கு வேண்டாம் என்று தெரிகிறது. ஆகவே தாங்கள் பொறுமையுடன் இதை வாசிக்க வேண்டும்.

2. விடயம் தங்கள் மேசைக்குப் புதிதாக வந்திருக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகக் கூறுகிறேன். முத்துத்துறையில் ஒரு படி ஏறும்போதெல்லாம் கைவினைப் புள்ளிகள் தருகிறீர்கள். அவற்றைத் தச்சு, கொல்லு, நெசவு, வலைபின்னல், மருந்து, சமையல் என்னும் ஆறு திறன்களில் விரும்பியபடி இடலாம். இட்டதை மீள எடுக்க முடியாது. பெரும்பாலானோர் கிடைத்த கையோடு செலவழித்துவிடுவர். நான் அப்படியல்ல. எங்கள் குழுவில் மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலைக் கட்டக்கூடிய பெருந்தச்சர் எவரும் இல்லை என்பதால், இரண்டு வருடங்களாக ஒரு புள்ளியையும் தொடாமல் சேர்த்து வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தச்சில் கொட்டிப் பெருந்தச்சராவதே என் எண்ணம். மகள் இலண்டனுக்குப் போன பிறகு நான் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்ட விடயம் இது ஒன்றுதான். தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.

3. புரட்டாதியில் என் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்து, சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். தொடர்ந்து சில நாட்கள் உள்ளே வராதவரைத் தங்கள் விளையாட்டு தானாகவே குழுவிலிருந்து நீக்கிவிடும். எனவே கடவுச்சொல்லை எனது கணவர் லெனாட்டிடம் கொடுத்து, தினமும் ஒரு முறை திறந்து மூடினால் போதும், வேறெதிலும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டே போனேன். அவர் கடற்றொழிலாளி. கைத்தொலைபேசியில் காற்றும் மழையும் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் அறியாதவர்.

4. வீடு திரும்பிப் பார்த்தபோது எனது புள்ளிகள் முழுவதும் ஆறு திறன்களுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. தச்சில் மிஞ்சியிருந்ததைக் கொண்டு ஒரு முக்காலி செய்யலாம். யார் செய்தது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. மனிதர் தாமாகவே வந்து, “ஒண்டுக்கும் குறை வைக்காமல் பிரிச்சுப் போட்டனான். உதிலை என்ன பிழை?” என்று கேட்டார். வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே தங்களுக்கு எழுதினேன். அதில் அவரை ‘மேற்படி நபர்’ என்று குறிப்பிட்டுக் கடும் நடவடிக்கை எடுக்கும்படியும் கேட்டிருந்தேன்.

5. அதன் பின் எங்கள் வீட்டில் கதை பேச்சு இல்லை. நான் சோற்றைப் போட்டு மூடி வைப்பேன். அவர் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பார். கட்டியின் பரிசோதனை முடிவு வரும்வரை இருவருக்குமே பயம். அந்தப் பயத்தைப் பற்றிக் கதைக்க வாய் வரவில்லை. புள்ளிகளைப் பற்றிக் கோபிப்பது சுலபமாக இருந்தது.

6. கார்த்திகையில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. வைத்தியர் அதைச் சொன்னதும் எனது கணவர் அவரது கையைப் பிடித்தவர் பிடித்தவர்தான். வைத்தியர்தான் மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்கு மூச்சு இலகுவாக வருகிறது, ஐயா.

7. அன்று பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் அவர் நடந்ததைச் சொன்னார். நான் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் இருந்த வேளை, வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு விளையாட்டைத் திறந்திருக்கிறார். ‘ஒதுக்கப்படாத புள்ளிகள் உள்ளன’ என்று தங்கள் திரை சிவப்பில் மின்னி மின்னிக் காட்டியிருக்கிறது. இவருடைய வள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடிபட்ட மீனை வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கொரு பங்கு என்று கரையிலேயே பிரிப்பார்கள். கூடத் தொழில் செய்பவர் நோயில் விழுந்து வராவிட்டாலும் அவருடைய பங்கை அன்றைக்கே பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோயாளியின் பங்கு பிரிபடாமல் கரையில் கிடந்தால் அவர் எழும்பமாட்டார் என்று அவர்களுக்கு ஒரு பயம். என் கணவர் சொன்னது இதுதான்: “நீ உள்ளுக்கை கிடக்கிறாய். உன்ரை பங்கு பிரிக்காமல் கிடக்குது எண்டு சிவப்பிலை காட்டுது. நான் என்னெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது?” இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த மனிதர் என்னிடம் அன்பாக ஒரு சொல் சொன்னது அரிது. எனது கோபம் அந்தத் தரிப்பிடத்திலேயே போய்விட்டது. பேருந்தையும் தவறவிட்டோம்.

8. இதற்குள் அவர் தமது தொலைபேசியில் தனிக் கணக்கொன்று தொடங்கியிருந்தார், எனக்கு மரம் வெட்டித் தருவதற்காம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளையாடத் தொடங்கினோம். அவர் வெட்டும் மரம் பெரும்பாலும் விறகுக்கே ஆகும். எங்கள் குழுத் தலைவர் சுபாஸ்கரன், கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்பவர், தாம் சேர்த்திருந்த புள்ளிகளைத் தச்சில் இட்டுக் கப்பலைக் கட்டி முடித்துவிட்டார். “அக்கா, கப்பலிலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும். நீங்கள் ஏறுங்கோ” என்று எனக்கும் இடம் தந்தார். இப்போது கிழிந்த பாயைத் தைக்கிறேன், காயத்துக்கு மருந்து கட்டுகிறேன், கஞ்சியும் காய்ச்சுகிறேன். பெருந்தச்சர் என்ற பெயர் கிடைக்கவில்லை என்பதில் கொஞ்சம் கவலைதான். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

9. இந்நிலையிலேயே போன கிழமை தங்கள் முடிவு கிடைத்தது. எனது புள்ளிகள் பழையபடி மீளத் தரப்படும் என்றும், பிறர் கணக்கினுள் நுழைந்த குற்றத்துக்காக, அதே தொலைபேசியில் தொடங்கப்பட்ட கணவரின் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும் என்றும், அதுவரை அது முடக்கப்பட்டிருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன ஞாயிறு அவர் தொலைபேசியைத் திறந்து, தடை அறிவித்தலைப் பார்த்துவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டார். “பரவாயில்லை, நீ விளையாடு. நான் பார்க்கிறன்” என்றார். நான் விளையாடவில்லை.

10. ஆகவே நான் தங்களிடம் பணிவுடன் கேட்பது: எனது முறைப்பாட்டை மீளப் பெற அனுமதிக்க வேண்டும், கடவுச்சொல்லைக் கையில் கொடுத்தவள் நானாதலால் அவர் களவாக நுழையவில்லை என்று பதிந்துகொள்ள வேண்டும். புள்ளிகளை எனக்கு மீளத் தர வேண்டாம், அவர் பிரித்தபடியே இருக்கட்டும். முக்கியமாக, அவரது கணக்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் விடுவித்துத் தர வேண்டும்.

11. கடவுச்சொல் கைமாறினால் சம்பந்தப்பட்ட இரண்டு கணக்குகளில் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும் என்பது விதி எனத் தங்கள் கடிதத்தின் அடியில் வாசித்தேன். எனக்காக விதியை வளைக்கும்படி கேட்கவில்லை. அப்படியாயின் எனது கணக்கை நீக்கிவிடுங்கள், அவருடையதை விட்டுவிடுங்கள். நான் பக்கத்தில் இருந்து எதில் எத்தனை புள்ளி போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். அவர் கேட்கமாட்டார், ஆறுக்கும் சமமாகவே பிரிப்பார். பிரிக்கட்டும், ஐயா.

நல்ல பதிலை எதிர்பார்த்து, நன்றியுடன்,

(ஒப்பம்)
மேர்சி லெனாட்

இடம்: குருநகர்
திகதி: 06.02.2025