பத்துத் தாளில் என் லாரி

2025 பிப்ரவரி 8, சனி

இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று படூர் தண்ணீர் லாரிகளின் சக்கரவர்த்தி எல்லப்பனாகிய நான் சத்தியம் செய்கிறேன். என் அக்கா மகள் ஜெஸ்ஸி மாமல்லபுரத்தில் கண்காட்சி வைத்திருக்கிறாள். பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அமுக்கி எடுக்கும் படங்கள். தாய்மாமன் நாளைக்குப் போகிறேன். கடற்கரைக் கோயிலே எழுந்து நின்று கும்பிடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாலு லட்சம் பேர் கூட்டம். சரி, நாற்பது.

ஒரே படத்தைப் பத்துத் தடவை வரிசையாக மாட்டியிருந்தார்கள். முதல் படத்தின் கீழே பென்சிலில் 1/10. எனக்கு ரத்தம் கொதித்தது. "பத்துக்கு ஒண்ணா? எந்த வாத்தியார்யா என் பொண்ணுக்கு மார்க்கு போட்டது?" என்று கத்தினேன்.

"ஐயோ மாமா, மார்க் இல்ல. பத்து பிரிண்ட்ல இது முதலாவது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன்.

கழுத்தளவு வெள்ளம். அலுமினிய அண்டாவைப் பிடித்து மிதக்கும் ஒரு பெண். அவளது மறுகையில் ஒரு சிறுமியின் பின்னல். தூரத்துச் சாலையில் ஒரு தண்ணீர் லாரியின் முதுகு.

2015 வெள்ளத்தில் மதுராந்தகம் பக்கம் அக்காவையும் ஜெஸ்ஸியையும் நான் காப்பாற்றிய கதையை ஒன்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். தோளுக்கு ஒருவராக ஏற்றி மூன்று கிலோமீட்டர் நீந்தினேன். குறுக்கே வந்த மலைப்பாம்பைப் பல்லால் கடித்துத் துப்பினேன். கல்யாண வீடு, சர்ச் திருவிழா, பொத்தேரி டீக்கடை — நான் சொல்லாத இடம் இல்லை.

"இன்னா ஜெஸ்ஸி இது? லாரி வந்துகினு இருக்கிற மாதிரி போட்டிருக்கலாமே?"

"வரலியே மாமா."

"சின்ன வயசுல கதைய கேட்டு நீயே கை தட்டுவியே?"

"அம்மா தட்டச் சொன்னாங்க."

பிப்ரவரி 10

லாரி எடுக்கவில்லை. படூரே தாகத்தில் செத்தது. — செத்திருக்காது. வேறு லாரி போயிருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடைசி நாள். எதற்குப் போனேன்? கெஞ்சத்தான். படத்தை எடுத்துவிடச் சொல்லிக் காலில் விழவும் தயாராக இருந்தேன்.

போனால், ஜெஸ்ஸி அந்த மரப்பலகையை மேசைமேல் வைத்து, மூலைக்கு மூலை உளியால் கீறிக்கொண்டிருக்கிறாள்! லாரிமேல் ஒரு கோடு, வெள்ளத்தின்மேல் ஒரு கோடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மாமன் மானத்த காப்பாத்திட்டே கண்ணு. இனிமே இந்தப் படம் உலகத்துலயே கெடையாது!"

அவள் நிமிரவில்லை. "பத்து போட்டு முடிச்சா பலகைய கீறிடணும் மாமா. பதினொண்ணாவது போட மாட்டேன்னு வாங்குறவங்களுக்குக் குடுக்கிற வாக்கு. எல்லா பலகைக்கும் இதான்."

"அப்ப அந்தப் பத்தும்?"

"ஒம்பது வித்துடுச்சு. ஒண்ணு அம்மா கேட்டு வாங்கிகினாங்க."

கேட்டு வாங்கியிருக்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா வீடு. கூடத்தில், டி.வி.க்கு மேலே, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். எனக்கு அதற்கு எதிரே இலை போட்டாள். வேண்டுமென்றேவா? கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு சந்திரம்மா எட்டிப்பார்த்தாள். "அண்ணாத்த, அந்த மலைப்பாம்பு கதைய எங்க பேரனுக்கு ஒருவாட்டி சொல்லேன்."

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள்.

"மறந்துபோச்சும்மா," என்றேன்.

"சாப்டுடா," என்றாள் அக்கா.

மலைப்பாம்பு பொய். மூன்று கிலோமீட்டர் பொய். எனக்கு நீச்சலே தெரியாது. ஆனால் கதையில் ஓரிடம் வரும்: தண்ணீருக்குள்ளிருந்து அக்கா ஒரு கையைத் தூக்கி "எல்லப்பா" என்று கூப்பிட்டாள் என்பேன். அது மட்டும் நிஜம். லாரியைத் திருப்பிய பிறகு, பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.