வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடம்

இன்று காலை ஒரு சட்டைத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது நீலச் சாக்குக்கட்டி உடைந்து என் கட்டைவிரலெல்லாம் நீலமாகிவிட்டது. கழுவப் போனவள் குழாயடியில் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இருந்த காலத்தில் பில்லியர்ட் ஆடிவிட்டுக் கிளப்பிலிருந்து வரும்போது, கம்பு நுனியில் தேய்த்த இதே நீலம்தான் உங்கள் விரலில் இருக்கும். கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள் என்று எத்தனை தடவை உங்களோடு சண்டை பிடித்திருப்பேன்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் நீங்கள் உதவி டீமேக்கர். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்த புதிது. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பில்லியர்ட் மேசை ஒன்று உத்தியோகத்தர் கிளப்புக்கு வந்து சேர்ந்தது. அதில் உங்களை வெல்ல ஆளில்லை. கொழுந்து மலையாய்க் குவிந்த ஒரு நாள் இலையை உருட்டும் ரோலர் மெஷின் உங்கள் வலது கையைப் பிடித்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு "எடது கை இருக்குல்ல" என்றீர்கள். அழுதது நான்தான்.

மூன்று மாத லீவு. அதற்குள் இடது கையால் எழுதப் பழகாவிட்டால் வேலை இல்லை என்று தோட்டத்துப் புதுத் துரை சொல்லிவிட்டார். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? நான் அந்த யோசனையில் இருக்க, நீங்கள் "கிளப்புக்கு வர்றியா? பந்து எடுத்து வைக்க ஆள் வேணும்" என்றீர்கள்.

"வேல போகப்போகுது. இப்ப வெளையாட்டு கேக்குதா உங்களுக்கு?"

"வெளையாட்டு இல்லம்மா. இந்தக் கை நான் சொல்றத கேக்கணும். பேனாவுல அது கேக்குதா இல்லையான்னு தெரிய மாட்டேங்குது. பந்துல தெரிஞ்சிரும்."

எல்லாரும் வேலையில் இருக்கும் மத்தியான நேரத்தில் போனோம். விரல் போன கையை முட்டியாக மேசையில் ஊன்றி, அதன்மேல் கியூக் கம்பை வைத்து, இடது கையால் தள்ளினீர்கள். முதல் வாரம் முழுக்க வெள்ளைப் பந்து மட்டும்தான். அது மேசை நடுவே நேராகப் போய், எதிர் ஓரத்தில் பட்டு, கம்பின் நுனிக்கே திரும்பி வர வேண்டும். வரவில்லை. நூறு தடவையாவது இடறிப் போயிருக்கும். பிறகுதான் சிவப்புப் பந்தை வைக்கச் சொன்னீர்கள். வெள்ளையின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்தால் அது சிவப்பைத் தட்டிவிட்டு அங்கேயே நிற்கும். இன்னும் கீழே அடித்தால் பின்னால் வரும், மேலே அடித்தால் தொடர்ந்து ஓடும். சிவப்பு குழியில் விழுந்தால் எனக்குச் சந்தோஷம். நீங்களோ, "விழுந்தத பாக்காத, நிக்கிறத பாரு" என்பீர்கள்.

வெள்ளை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பத்திரிகைத் தாளை விரிப்பேன். தொடர்ந்து ஐந்து தடவை பந்து தாளில் நின்றால் அதைப் பாதியாக மடிக்க வேண்டும். ஒரு நாள் நாலு தடவை நின்றது. ஐந்தாவது ஒரு விரற்கடை விலகிவிட்டது. நீங்கள் வியர்வை துடைக்கத் திரும்பிய நேரம், மனசு கேட்காமல் பந்தைத் தாளுக்குள் உருட்டிவிட்டேன்.

"தொட்டியா?"

நான் பந்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

"நீ தொட்டா, நான் எங்க நிக்கிறேன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

திட்டவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தீர்கள்.

இரண்டாம் மாதம் பெரிய கிளாக்கர் வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கிளப் செயலாளரும் அவர்தான். "தம்பி, இது பொம்பிளையள் வாற இடமில்லை எண்டு தெரியாதோ?" என்றார். நான் வெளியே போகத் திரும்பினேன். "நில்லு" என்றீர்கள் என்னிடம். அவரிடம், "இவ இல்லாட்டி எனக்குக் கை இல்லைங்க ஐயா" என்றீர்கள். அவர் உங்கள் கையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்கை, அடியும் பாப்பம்" என்றார். மறுநாளிலிருந்து எங்களுக்காக அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

லீவு முடியும்போது தாள் தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்தது. துரைக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதிக் காட்டினீர்கள். வேலை தங்கியது. வருஷக் கடைசிப் போட்டியில் பெண்களுக்கென்று முதல் தடவையாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். கடைசிக் கறுப்புப் பந்தில் நீங்கள் தோற்றீர்கள். நான் முகம் வாடி நடந்து வந்தேன். "கறுப்பு போகல. ஆனா வெள்ளை நான் நெனச்ச எடத்துல நின்னுச்சு, பாத்தியா?" என்றீர்கள். பார்த்தேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு நெஞ்சுவலி உங்களை ஒரே பகலில் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகளோடு குவாட்டர்ஸை விட்டு இறங்கினேன். பதுளைப் பஸாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், "தைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியாதுங்க. ஒரு மாசம் குடுங்க" என்றேன். அவர் கொடுத்த தையல் மெஷினில், ஊசியில் நூல் கோர்க்காமல் பழைய தாளில் நேர்கோடு ஓட்டினேன். கோணினால் அடுத்த தாள். இருபத்தெட்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அந்த மெஷினில்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தார்கள்.

இன்று மத்தியானம் ஒரு சட்டையின் தோள் தையல் நூலளவு விலகிவிட்டது. வாங்க வந்தவர், "பரவாயில்ல அக்கா, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். "ஒக்காருங்க, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, தோளைப் பிரித்தேன்.