கிஸ்மிஸ் இல்லாத பிரசாதம்

என் செல்லத் தங்கச்சி தேவிக்கு,

நீ போன பிறகு உன்னிடம் சொல்ல வேண்டிய செய்திகள் நிறையச் சேர்ந்துவிட்டன. மற்றதெல்லாம் இருக்கட்டும். கிள்ளானில், உன் பைரவர் கோயிலில் நடந்ததை முதலில் கேள். கேட்டால் தலைகால் புரியாமல் ஆடுவாய்.

உன் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன், கோபிக்காதே. தேய்பிறை அஷ்டமிப் பூசை முடிந்ததும் பக்தர்கள் பிரசாதக் கேசரியைக் கொண்டுபோய்ப் பின்சந்து நாய்களுக்கு வைப்பது அங்கே வழக்கம். நாய் பைரவரின் வாகனம் ஆயிற்றே. அப்படி ஓர் அஷ்டமிக்கு மறுநாள் உன் வெள்ளையன் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தான். நீதான் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினாய். கேசரியில் கிடந்த உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார் அவர். வெள்ளையன் பிழைக்கவில்லை.

அழுதுவிட்டு விடுகிற ஆளா நீ? அடுத்த அஷ்டமிக்கே கோயில் வாசலில் போய் நின்றாய். நாய்க்குத் திராட்சை ஆகாது, வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, பிள்ளைகள் கையில் இருக்கும் சாக்லேட்டும் ஆகாது என்று வருகிறவர்களையெல்லாம் மறித்தாய். கோயில் செயலாளர் அங்கிள் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டார்.

“பிரசாதம் எப்படிம்மா விஷமாகும்? சாமி குத்தம் லா, இப்படியெல்லாம் பேசாத.”

“சாமி மேல குத்தம் இல்ல அங்கிள். அது பிரசாதம்னு நாய் வயித்துக்குத்தான் தெரியாது.”

அன்றிலிருந்து உனக்குக் கிஸ்மிஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிஸ்மிஸ் வருது, கேசரியை ஒளிச்சு வை என்று கேலி. உன்னைக் கொண்டுபோன அந்த நோயில் விழும்வரை நீயும் விடவில்லை, அவர்களும் விடவில்லை. ரவாங்கிலிருந்து உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம், இவளுக்கு இருக்கிற தைரியம் நம் குடும்பத்தில் எவனுக்கு இருக்கிறது என்று பெருமையாக இருக்கும். அதை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னேனா? சொன்னால் உனக்குக் கொம்பு முளைத்துவிடும் என்று பேசாமல் இருந்திருப்பேன்.

சரி, போன மாத அஷ்டமிக்கு வருகிறேன். உன் நினைவாக நானும் அன்று கோயிலுக்குப் போயிருந்தேன். சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அக்கா பெரிய பாத்திரத்தில் கேசரியோடு வந்திருந்தார். மறுநாள் அவர் கணவருக்கு இருதய ஆபரேஷன். பைரவரின் நாய்களுக்குத் தன் கையால் பிரசாதம் வைப்பதாக வேண்டுதல். பூசை முடிந்து அவர் பின்பக்கம் நடந்ததும் நான் எழுந்தேன். எனக்கு முன்னால் போய் மறித்து நின்றது யார் தெரியுமா? அதே செயலாளர் அங்கிள்.

இதில் கிஸ்மிஸ் இருக்கிறது, நாய்க்கு ஆகாது என்றார். என் காதையே நான் நம்பவில்லை. அந்த அக்கா அழுதுவிட்டார். வேண்டுதலை முடிக்காமல் போனால் நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிடுமே என்றார். கூட்டமும் அவர் பக்கம்தான், பாவம் இன்றைக்கு ஒரு நாள் விடுங்கள் என்றது. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். கத்தியிருப்பாய், வேறென்ன.

அங்கிள் கத்தவில்லை. மடப்பள்ளியிலிருந்து வெறும் சோறு கொண்டுவரச் சொன்னார், உப்புகூடப் போடாதது. குருக்கள் அதைப் பைரவர் முன்னால் வைத்து மறுபடியும் தீபாராதனை காட்டினார். அங்கிள் அதை வாங்கி அந்த அக்காவின் கையில் கொடுத்தார்.

“நாய் திங்கக்கூடியதையே சாமிக்குப் படைச்சாச்சும்மா. இப்ப இதுவும் பிரசாதம்தான். போய் வை.”

பிரசாதத்தை நாய்க்கு வைக்காதே என்றுதான் நீ இத்தனை காலம் சண்டை போட்டாய். நாய்ச் சோற்றையே பிரசாதம் ஆக்கலாம் என்று உனக்கோ எனக்கோ ஏன் தோன்றவில்லை, தேவி? அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்தார். நாய்கள் வழித்துத் தின்றன. கேசரியை மனிதர்கள் நாங்கள் காலி செய்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று பிறகு அங்கிளுக்குப் போன் வந்ததாம்.

நேற்றும் அஷ்டமி. மடப்பள்ளியில் அந்தச் சோறு தனியாக வடித்து ஆறவைத்திருந்தது. பூசை முடிந்ததும் அங்கிள் மைக்கைப் பிடித்தார். நாய்களுக்கு வைக்க விரும்பும் பக்தர்கள் வரிசையில் வந்து தேவி சோறு வாங்கிக்கொள்ளவும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. நானும் போய் வரிசையில் நின்றேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைத் தொட்டுக் கேட்டார்.

“எந்தத் தேவி தம்பி, அம்மனா?”

“இல்லைங்க. என் தங்கச்சி.”

இனி ஒவ்வோர் அஷ்டமிக்கும் உன் இடத்தில், அந்த வாசலில் நான் நிற்பேன். எவர் கேலி செய்தாலும் வாங்கிக்கொள்வேன். உன்னைப்போல் திருப்பிக் கொடுக்க மட்டும் எனக்கு வராது.

தேவியின் அண்ணன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும்,
உன் அண்ணன்