ஒரு கடிதத்துக்கு ஒரு பொய்

ஜூன் 4

அன்புள்ள தலைக்கு,

வால் எழுதிக்கொள்வது. தலை அங்கே, வால் இங்கே. நடுவில் இருக்கிற அம்மாதான் வயிறு எரிந்துகொண்டிருக்கிறாள். மற்றபடி உடம்பு முழுக்க நலம்.

போனில் பேசினால் பாதியில் உங்களுக்கு வார்த்தை தொலைகிறது, தொலைந்ததைத் தேடுவதற்குள் கோபம் வந்துவிடுகிறது, அதனால் கடிதம் எழுதுங்கள் என்று உங்கள் மறுவாழ்வு மையத்துப் பயிற்சி மேடம் அம்மாவிடம் சொன்னார்களாம். கடிதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம், அதுவும் கோபித்துக்கொள்ளாது. எனக்கு அந்த மேடத்தைப் பிடித்துவிட்டது.

எனவே பழைய ஆட்டம் மறுபடி ஆரம்பம். நீங்கள் படையில் இருந்தபோது நமக்குள் ஒரு சட்டம் இருந்ததே: ஒரு கடிதத்துக்கு ஒரு பொய். படிக்கிறவர் கண்டுபிடித்துப் பதிலில் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேல் போட்டால் ஆட்டம் செல்லாது.

இனி செய்திகள். அம்மா வாசலில் அழைப்பு மணியைக் கழற்றிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் இருமுகிறார்கள். தபால்காரருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. மாடி வீட்டு மாமா ஒரு குதிரை வாங்கியிருக்கிறார். தினமும் படியேற்றி மேலே கொண்டுபோய்த்தான் கட்டுகிறார். வெடித்த வண்டியிலிருந்து உங்களைக் கீறல்கூட இல்லாமல் எடுத்தார்களே, அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை அம்மா நேற்று எடுத்துப் படித்தாள். "தலையில லேசான அடியாம். இந்த 'லேசான'ங்கிறத எழுதுன டாக்டர் நம்ம வீட்டுல ஒரு வாரம் தங்கிப் பாக்கட்டும்" என்றாள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை உங்களை ஒரு ராத்திரி வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பார்களாம். நீங்கள் சிரித்தால் பக்கத்துத் தெரு நாய் குரைக்குமே, அது இப்போது வேலையில்லாமல் இளைத்துவிட்டது. வாருங்கள்.

இப்படிக்கு,
ஆட ஆளில்லாத வால்

ஜூன் 9

வாலுக்கு,

உன் கடிதத்தை மெதுவாகப் படித்தேன். வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்துக்கொண்டு படிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அட்டை நகர்ந்தால்தான் அடுத்த வரி. இப்போது வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை.

இங்கே பயிற்சிக்கென்றே ஒரு சமையலறை இருக்கிறது. நேற்று தேநீர் போட்டேன். தண்ணீர் சரி, பால் சரி, சர்க்கரை சரி. தேயிலையை மறந்துவிட்டேன். என் அறைத் தோழர் படையில் லாரி ஓட்டியவர். குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குண்ணே, இதுக்குப் பேர் என்ன?" என்றார்.

பொய் எது என்று தெரியவில்லை. எல்லாம் உண்மை போலவே இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். அந்தக் குதிரை படியேறும்போது ரொம்பச் சத்தம் கேட்குமா? நான் வரும் ராத்திரி மட்டும் அதைக் கீழே கட்டும்படி மாமாவிடம் கேட்க முடியுமா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

ஜூன் 13

தலைக்கு வாலின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவினாள். அப்புறம் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

குதிரைதான் அப்பா பொய். மாமாவுக்கே அந்தப் படியில் ஏற மூச்சு வாங்குகிறது. பரவாயில்லை, முதல் ஆட்டம் தோற்றால் தப்பில்லை. இந்த முறை பொய்யை உங்கள் மூக்குக்கு முன்னாலேயே வைத்திருக்கிறேன். தடுக்கி விழுவீர்கள்.

எனக்குக் கணக்கில் எண்பத்தொன்று. வாத்தியாருக்கு என் மேல் சந்தேகம். "உனக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கு, திருப்பி எழுது" என்றார். திருப்பி எழுதினேன், எண்பத்து மூன்று. அம்மா பரணிலிருந்து குக்கரை இறக்கிவிட்டாள், காலையும் மாலையும் விசில் பறக்கிறது. உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நான் குப்பை கொட்டப் போகிறேன். காலுக்குப் பெரிது. ஆனால் நடக்கும்போது நீங்கள் வருகிற மாதிரியே சத்தம் வருகிறது. அம்மா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மெதுவாக நடக்கிறேன்.

சனிக்கிழமைக்கு உங்கள் சட்டை தேய்த்துத் தொங்குகிறது.

வால்

ஜூன் 20

வாலுக்கு,

இந்தச் சனிக்கிழமை வர முடியாது. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். வருத்தப்படாதே. அம்மாவையும் வருத்தப்பட விடாதே.

பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன். உனக்குக் கணக்கில் எண்பத்தொன்று. என் மகளை எனக்குத் தெரியாதா?

சட்டை தொங்கட்டும்.

அப்பா

ஜூன் 24

அப்பா,

எண்பத்தொன்று உண்மை. இந்த அவமானத்துக்குத் தனியாக வட்டி போட்டு வசூலிப்பேன்.

முதலில் வேறு விஷயம். அம்மா மேடத்துக்குப் போன் போட்டாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம். "நாங்க தயார்னுதான் சொன்னோம். அவர்தான் வரலைன்னுட்டார். குக்கர், குக்கர்னு ஏதோ சொன்னார்" என்றாராம். ஆக, உங்கள் கடிதத்திலும் ஒரு பொய் இருந்தது. கண்டுபிடித்தாயிற்று. ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை.

குக்கர்தான் அப்பா என் பொய்.

போன தடவை நீங்கள் வீட்டில் இருந்தபோது அது விசில் அடித்தது. நீங்கள் என்னை இழுத்துச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தள்ளி, என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டீர்கள். அன்று சாயங்காலமே அம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டாள். நீங்கள்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டீர்கள். அதனால் குக்கர் என்றதும் உடனே பிடித்துவிடுவீர்கள், "அடி வாலு, போய்ச் சொல்லு வேற யார்கிட்டயாவது" என்று எழுதுவீர்கள் என்று நினைத்தேன். மறந்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலையில் அடி உங்களுக்கு, மூளை இல்லாதது எனக்கு.

குக்கர் இன்னும் பரணில்தான் தூங்குகிறது. வீட்டில் எல்லாம் பூனை நடை. கதவுக்குக்கூடத் துணி ஒட்டியிருக்கிறோம். உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் உட்காருவதில்லை.

ஆட்டம் வேண்டாம் என்றால் வேண்டாம். நீங்கள் வந்தால் போதும். எனக்கு என் அப்பா வேண்டும்.

உங்கள் மகள்

ஜூலை 8

வாலுக்கு,

பதில் தாமதம். பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன்.

மேடத்தின் மேல் பழி போட்டது தப்பு. அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

குக்கர் பரணுக்குப் போனது எனக்கு நினைவில்லை. ஸ்டூலைப் பிடித்ததும் நினைவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் நடந்தது நினைவிருக்கிறது. நீ "அப்பா, முழங்கை, முழங்கை" என்று கத்தியதும், நான் எழுந்த பிறகு உன் முழங்கை தோல் உரிந்திருந்ததும். விசிலுக்குப் பயந்து நான் வராமல் இல்லை. விசில் கேட்டால் நான் என்ன செய்வேனோ என்றுதான் வரவில்லை.

நீ எழுதியது பொய் என்று தெரியாததால், இங்கே ஒரு வேலை ஆரம்பித்துவிட்டேன். லாரி ஓட்டியவரின் மனைவி அவர்கள் வீட்டுக் குக்கர் சத்தத்தைப் பதிந்து அனுப்பினார். அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மேடம் என் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் திருகினால்தான் சத்தம். முதல் நாள் கொசு அளவு வைத்தேன், சட்டை நனைந்துவிட்டது. இப்போது பாதிக் குமிழ் வரை வந்துவிட்டேன். விசில் வந்ததும் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்து, "இது சமையலறை" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "சோறு வெந்துருச்சுண்ணே, எறக்கலாமா?" என்பார்.

குக்கரைப் பரணிலிருந்து இறக்கச் சொல். நான் பார்க்கும்போது அம்மா அடுப்பில் வைக்கட்டும். முதலில் நீ அடுத்த அறையில் இரு.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கேட்கும் அப்பா வரமாட்டார் என்று நினைக்கிறேன். தெரு நாய் குரைக்கச் சிரித்தவர் அந்த வண்டியிலேயே இருந்துவிட்டார். இப்போது யாராவது உரக்கச் சிரித்தாலே தலைக்குள் வலிக்கிறது. வருகிறவர் அட்டை வைத்துப் படிப்பார். தேநீரில் தேயிலையை மறப்பார். உன்னோடு சேர்ந்து குறும்பு பண்ண அவருக்கு வேகம் போதாது. அவருக்கு அந்தச் சட்டை சேருமா என்று பார்.

நேற்று பயிற்சிச் சமையலறையில் உப்பு டப்பாவுக்குச் சர்க்கரை என்றும், சர்க்கரை டப்பாவுக்கு உப்பு என்றும் யாரோ சீட்டு மாற்றி ஒட்டியிருந்தார்கள். மேடம் உப்புத் தேநீர் குடித்தார். யார் என்று விசாரணை நடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். இந்தக் கடிதத்தில் பொய் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

அப்பா

ஜூலை 12

என் தலையே,

இருக்கிறது. ஒரு பொய் இருக்கிறது. அட்டை வைத்துப் படித்தேன், அகப்பட்டுவிட்டது.

நான் கேட்கும் அப்பா வரமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உப்பு டப்பாவில் சீட்டு மாற்றி ஒட்டியது யார்? லாரிக்காரரா? விசாரணை அதிகாரிக்கு நான் தனியாகக் கடிதம் போடட்டுமா?

குக்கரை இறக்கியாயிற்று. அம்மா அதைத் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தினமும் வைக்கிறாள். எங்களுக்கும் பழக வேண்டுமே. இத்தனை நாள் பூனை நடை நடந்ததில் முதல் விசிலுக்கு நாங்கள்தான் துள்ளிக் குதித்தோம். அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு "இது சமையலறை" என்றாள். அப்புறம்தான் போய் அடுப்பை அணைத்தாள்.

நானும் ஒரு பயிற்சியில் இருக்கிறேன். சத்தமில்லாமல் சிரிக்கப் பழகுகிறேன். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோளை மட்டும் குலுக்கி. நேற்று அம்மா பார்த்துவிட்டு, "ஏய், என்னடி ஆச்சு, புரையேறிடுச்சா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். இன்னும் முழுசாக வரவில்லை. நடுவில் ஒரு 'கிக்' வந்துவிடுகிறது. பாதிக் குமிழ் வரை வந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு நாய்க்கு வேறு வேலை பார்த்துக்கொடுக்கலாம்.

சட்டை சேரும். சேராவிட்டால் தைத்துக்கொள்ளலாம்.

அடுத்த அறையில் இருக்கச் சொன்னீர்கள், இருக்கிறேன். முழங்கை எப்போதோ ஆறிவிட்டது. அன்று என் மேல் கவிழ்ந்தது யாரோ இல்லை அப்பா, நீங்கள்தான். வெடிச் சத்தம் என்று நினைத்தும் ஓடிப்போகாமல் என்னைத்தான் மூடினீர்கள். இதை ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வாசலில் மணி இல்லை என்பது நினைவிருக்கட்டும். வந்து நின்று ஒரு தரம் இருமினால் போதும்.

வழக்கம்போல் இதிலும் ஒன்று ஒளித்து வைத்திருக்கிறேன். கண்டுபிடித்து நேரில் சொல்லுங்கள்.

சனிக்கிழமை எனக்குத் தலைக்கு மேல் வேலை. நீங்கள் இருமுகிற வரைக்கும் நான் வாசல் பக்கமே வரமாட்டேன்.

இப்படிக்கு,
வால்