நெருஞ்சி தைத்த நட்புத் தரை

நீர் வற்றாத ஏழு ஏரிகளுக்கும் உரிமை பூண்ட வெண்கோட்டு வேந்தர் வாழ்க. அவர்தம் மந்திரி பூதன் இளநாகன், அரிஞ்சில் கோட்டைத் தலைவர் ஏனாதி கோவிளங்கருக்கு விடுக்கும் ஓலை. உமது மதிலும் மனையும் நலமாயிருக்க. உமது சொல் நலமாயிருக்கிறதா என்று வினவவே இதை எழுதுகிறேன்.

இரு மன்னர் நட்புக் கொள்ளும்போது அருகம்புல் தரையில் வெறுங்காலுடன் சேர்ந்து நடப்பது நம் நாட்டு மரபு. சென்ற பங்குனியில் மேல்மலை மன்னர் நம் வேந்தருடன் உமது கோட்டைத் தரையில் பத்தடி நடப்பதற்குள் அவர் பாதத்தில் நெருஞ்சி முள் தைத்தது. வஞ்சனை என்று சினந்து திரும்பினார். இன்று அவர் படை ஆற்றங்கரையில் நிற்கிறது. புல்தரையைப் பேணும் காவலி சாத்தியே முள் விதைத்த துரோகி என்று எழுதி, வரும் ஆனிப் பௌர்ணமியன்று அவளைக் கழுவேற்ற இசைவு கேட்டிருந்தீர்.

நானும் முதலில் அவளையே ஐயுற்றேன். அடுத்து, போருக்குச் சாக்குத் தேடி மேல்மலையாரே செய்த சூதோ என்று ஐயுற்றேன். வீட்டுச் சோற்றையும் மோந்து பார்த்தே உண்பவன் நான் என்று அவையோர் நகைப்பதுண்டு, நகைக்கட்டும். உமது ஓலையின் ஒரு வரி என்னை உறுத்தியது. தை மாதத்திலேயே தரை கிளியிறகு போல் பசுத்திருந்ததாகப் பெருமை பேசியிருந்தீர். பனியில் அருகு மங்கிக் கிடக்கும் தை மாதத்தில் அத்தனை பசுமை எங்கிருந்து வந்தது?

ஆளனுப்பிச் சிறையில் அவளை வினவினேன். தான் ஆண்டுதோறும் வேப்பம் புண்ணாக்கே இட்டு வந்ததாகவும், நீர் அதைத் தடுத்து, புல் விரைந்து பசுக்க வெடியுப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னதாகவும், உப்பின் வேகம் அடங்கிப் புல் வெளுத்ததும் ஆட்டுப்பட்டிக் குப்பையை மக்காமலே பரப்பச் செய்ததாகவும் கூறினாள். 'புல்லுக்குப் பசி உண்டு, அவசரம் இல்லை; அவசரமெல்லாம் தலைவருக்கே' என்பது அவள் சொல்.

கைதியின் சொல்லையும் நான் எளிதில் நம்புவதில்லை. என் கொல்லையில் அருகு படர்ந்த நிலத்தை மூன்றாய் வகுத்து, வேலியிட்டுப் பூட்டி, திறவுகோலை என் மடியிலேயே வைத்திருந்தேன். புண்ணாக்கு இட்ட பாத்தியிலும் வெடியுப்பு ஊற்றிய பாத்தியிலும் ஒரே அளவு நெருஞ்சி விதை தூவினேன். புண்ணாக்குப் பாத்தி மெல்லத் தேறிப் பாய் விரித்தாற்போல் நெருங்கியது. அதில் இரண்டே நெருஞ்சி தலைகாட்டின. உப்புப் பாத்தி ஐந்தாம் நாளே சாண் உயரம் எழுந்து, திங்கள் திரும்புமுன் வெளுத்துத் திட்டுத் திட்டாய் மண் தெரிந்தது, அவ்விடமெல்லாம் நெருஞ்சி. பட்டிக் குப்பை இட்ட பாத்தியில் நான் ஒரு விதையும் தூவவில்லை. ஆயினும் ஆடுகள் குளம்பில் சுமந்து வந்த காய்ந்த முள் குப்பையிலேயே கிடந்தது. என் விரலிலும் தைத்தது.

வேந்தர் வாயால் பாராட்டுப் பெற விரும்பினீர். அந்த ஆசையை மன்னிக்கலாம். பிழையை மறைக்க, சொன்னதைச் செய்த ஒருத்தியைக் கழுவுக்கு அனுப்பத் துணிந்தீரே, அதை மன்னிக்க இயலாது.

இவ்வோலை கண்ட நாழிகையே சாத்தியின் விலங்கைக் களைக. நடந்ததை உமது கையாலேயே எழுதி மேல்மலை மன்னருக்கு விடுக்க. அவள் சிறையில் நோயுற்று மாண்டாள் என்றோ தப்பி ஓடினாள் என்றோ மறுவோலை வருமாயின், நான் நம்பேன்.

வேந்தர் ஆணையால், ஏரி மதகு பொறித்த அவர் முத்திரையை இட்டேன். அவளை அழைத்துவரப் பல்லக்கும் இருபது வீரரும் வருகின்றனர். பல்லக்கு வெறுமையாய்த் திரும்பாது. அவள் அதில் ஏறவில்லையெனில், அவள் விலங்கோடு நீர் ஏறுக.