அய்யாவு கையில் ஏறிய கண்ணாடி

பிரிக்பீல்ட்ஸ்,
ஆவணி மாதம், 1934

அன்புள்ள மகள் சந்திரகலாவுக்கு,

அம்மா நல்லம்மாள் எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் நல்லபடியாக இருக்கத் தண்டாயுதபாணியை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே அம்மா, நம் வீட்டில் அடுப்பு மூட்டவே மனசில்லாமல் கிடந்தோம். உன் அய்யாவு சித்தப்பா போய்விட்டார்.

அப்பாவோடு ஒரே குப்பை வண்டியில் இத்தனை வருஷம் போனவர், கூடப் பிறக்காத குறைதான். யார் வீட்டிலோ உடைந்த சீசாவை வாழை இலைச் சருகோடு சேர்த்துத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள், தொட்டியைக் கவிழ்க்கும்போது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனார், உன் சித்தி லெட்சுமி, போகாதே என்று மன்றாடியும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கஞ்சி குடிக்க வாய் திறக்க முடியவில்லை, தாடை பூட்டிக்கொண்டது, அப்பாதான் மாட்டு வண்டியிலேயே படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உடம்பு வில்லாக வளைந்து துடித்ததாம், அதை நினைத்தால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். காரியத்தன்று அவர் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் எந்தப் பாவி போட்டான் என்று கேட்கப்போகிறேன் என்று கிளம்பினார். லெட்சுமிதான் வாசலில் மறித்தாள். எந்த வீடென்று தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன் அண்ணே, நாளைக்கு அடுத்த வீட்டிலும் ஒரு சீசா உடையும் என்றாள். அப்பா அப்படியே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை சந்திரா.

இப்போது லெட்சுமி கோணிச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போகிறாள். சீசா, டின், கந்தல் எதையும் தொட்டியில் போடாதீர்கள், என்னிடம் கொடுங்கள் என்கிறாள். பிச்சைக்காரி என்று விரட்டியவர்களும் உண்டு, முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களும் உண்டு, மறுநாளும் அதே வாசலில் போய் நிற்கிறாள். பாசார்ச் சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே என்பார்களே, அவர் சீசாவையும் கந்தலையும் எடுத்துக்கொள்கிறார், டின்னைத் தகரக்கடையில் வெட்டி வாளியும் விளக்குமாக அடித்து நமக்கே விற்கிறார்கள். இதையெல்லாம் நாம் இத்தனை நாள் பங்சார் பக்கத்துச் சதுப்பில் கொட்டிக்கொண்டிருந்தோம், அந்தக் குப்பைமேடு இப்போது ஆள் உயரம் தாண்டிவிட்டது, மழை பெய்தால் நாற்றம் நம் வீடு வரைக்கும் வருகிறது. நானும் இரண்டு தெருவுக்கு அவளோடு போகிறேன், வெட்கமாகத்தான் இருந்தது, அவள் முகத்தைப் பார்த்தபின் வெட்கம் போய்விட்டது. போன வாரம் அப்பா வண்டியை ஒரு வாசலில் நிறுத்தினாராம். தொட்டிக்குப் பக்கத்தில் உடைந்த கண்ணாடியைத் தனியாக ஒரு தகரத்தில் போட்டு மூடி வைத்திருந்தார்களாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவருக்கு வெகுநேரம் வண்டியை ஓட்ட முடியவில்லையாம்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், மறக்காதே. உன் வீட்டில் கண்ணாடி உடைந்தால் குப்பையோடு கலக்காதே, தனியாக வைத்து, எடுக்க வருகிறவரிடம் வாயால் சொல்லிக் கொடு. அவர் பெயரையும் கேட்டுவை அம்மா. குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நல்லம்மாள்