தாத்தாவுக்கு அடித்த கோயில் மணி

சித்தூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் சுஷ்மிதாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி வழக்கம்போல, எனக்கு வாய் வழக்கம்போல. ஆக்லாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா, நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கிறாயோ என்னவோ. போன் இருக்க லெட்டர் எதற்கு என்பாய். போனில் நீ அழுகிறாய், உன்னைப் பார்த்து நான் அழுகிறேன், பேச்சு ஓர் அடி நகர்வதில்லை. தாத்தாவின் அடக்கத்தன்று வீடியோவில் மணிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாயாம், நாற்பத்தொன்றோடு நின்றுவிட்டதாம், கோபுரம் தாங்கவில்லையா, நிறுத்திவிட்டார்களா என்று கேட்டாய். வீடு நிறைய ஜனம், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் சபையில் யார் இறந்தாலும் வயதுக்கு எத்தனையோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம், உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் மணி தொங்குகிற தேக்கு உத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது. தாத்தாதான் வெல்டர் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போய் இரும்பு கர்டர் மாற்றினார், அப்போது அவருக்கு எண்பத்தாறு. உடனே கமிட்டி செக்ரட்டரி சுதீர், தாத்தா மாதிரி அவனும் இன்ஜினியர்தான், திருப்பதியில் அடுக்குமாடி கட்டுகிறவன், கர்டர் சரி அங்கிள், சுவரில் விரிசல் இருக்கிறதே, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து அடி போதும், துக்கத்துக்கு ஸ்பீக்கரில் ரெக்கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். தாத்தாவுக்கு வந்ததே கோபம். பட்டாளத்துல டாங்கியே ஏறிப் போற பாலம் போட்டவன் நான், ஒரு மணிக்கு உத்திரம் போடத் தெரியாதா எனக்கு என்று கமிட்டி நடுவில் கத்திவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், மனோரமா, நான் போனா எனக்கு ரெக்கார்டு போட உடாதே என்றார். சரி நைனா என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். ராணுவத்தில் இருபத்துநாலு வருஷம், மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பாய்லர் இன்ஜினியராக இருபது வருஷம், அப்புறம் கோயிலில் ஃபேன், மைக், ஜெனரேட்டர், கக்கூஸ் குழாய் வரை சம்பளமில்லாமல் பார்த்தவர், யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அடக்கத்தன்று காலையில் சுதீர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஆன்ட்டி, தொண்ணூறு அடி அந்தச் சுவர் தாங்காது, கீழே அத்தனை ஜனம் நிற்கும், என்னால் பொறுப்பெடுக்க முடியாது என்றான். பிள்ளை அழாத குறை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொடுத்த வாக்கு போயிற்றே என்று பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் வாசலில் நின்றிருந்த ஏழுமலை உள்ளே வந்து சுதீரைப் பார்த்து, மேல ஏறிப் பாத்துட்டுப் பேசு சாரு என்றான். தாத்தா என்ன செய்திருக்கிறார் தெரியுமா? ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறார். விரிசல் ஒரு மயிரிழை விரிந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். அதுவும் போதாதென்று, போன வருஷம் சபையே கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தப்ப மணி நாக்குல கோணிச் சாக்கைச் சுத்தி, சத்தமில்லாம நூறு தபா இழுக்கச் சொன்னாரும்மா, என் தோள் இன்னும் வலிக்குது என்றான் ஏழுமலை. தன் சாவு மணிக்குத் தானே ஒத்திகை பார்த்திருக்கிறார், கள்ளன்! எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

சுதீர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினான். அரை மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் புறா எச்சத்தோடு இறங்கினான். பதினோரு கண்ணாடியும் முழுசா இருக்கு ஆன்ட்டி என்றான். அப்புறம் யாரையும் தொட விடவில்லை, பெட்டி தெருமுனை திரும்பினதும் அவனே கயிற்றைப் பிடித்து இழுத்தான். ரெக்கார்டு இல்லாமல் துக்க மணி கேட்டு நாலு வருஷமாயிற்று, காய்கறிக் கடைக்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். எழுபதில் அவன் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தான், எண்பதில் ஏழுமலை கூடப் பிடித்தான். தொண்ணூறில் நிறுத்தினார்கள்.

அத்தோடு முடியவில்லை. திருப்பதியிலிருந்து தாத்தாவின் ராணுவ சிநேகிதர் சாரங்கபாணி மாமா, நெற்றியில் நாமம், மார்பில் மெடல், தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். அலா காது, அப்படியில்ல, எங்க பட்டாள ரெக்கார்டுல இவனுக்குத் தொண்ணூத்திரண்டு, இன்னும் ரெண்டு பாக்கி என்றார். பாஸ்டர் ஐயா ஞானஸ்நானப் பதிவில் தொண்ணூறுதான் என்று சொல்லிப் பார்த்தார். தாத்தா பதினாறு வயதில் பதினெட்டு என்று பொய் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவரல்லவா, அந்தப் பொய்யைக் கடைசி வரை காப்பாற்றினார். பாஸ்டர் ஐயா சிரித்துவிட்டு வழிவிட்டார். மாமா தடியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் இழுத்து இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் சல்யூட் வைத்தார். கோயில் வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள், அடக்கத்தில் கை தட்டலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கோபுரத்திலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை சுஷ்மி. என் நைனா ஜெயித்துவிட்டார்.

ஸ்பீக்கரைச் சுதீரே கழற்றிவிட்டான். நீ குளிரில் தலைக்கு ஊற்றாதே, ஊறுகாயை ஈரக் கரண்டியால் தொடாதே, மாப்பிள்ளையிடம் வள்ளென்று விழாதே. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே, அன்று காலை மணியை நீதான் அடிக்க வேண்டும் என்று சுதீர் சொல்லியிருக்கிறான். தாத்தாவைக் காத்த தேவன் உங்கள் இருவரையும் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும். இன்னொன்று, நாற்பத்தொன்றில் நின்றது உன் போன்தான் கண்ணு. மணி நிற்கவே இல்லை.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
மாசிலாமணி மகள் மனோரமா